அலாட்மென்ட்டில் முதல் வருடம்: உருளைக்கிழங்கிலிருந்து தொடங்குங்கள்

பிரிட்டனில் ஃப்ளாட்டில் குடியிருப்பவர்களும், வீட்டுக்குப் பின்னால் நாலடிப் புல்தரை மட்டுமே உள்ளவர்களும் காய்கறி போட ஆசைப்பட்டால் இருக்கும் நல்ல வழி அலாட்மென்ட். பெரும்பாலும் கவுன்சில் வருட வாடகைக்குத் தரும் தோட்டத் துண்டு அது. பெயர் பதிந்து, காத்திருந்து, ஒருநாள் சாவி கைக்கு வந்ததும் வரும் முதல் கேள்வி "இதில் எதைப் போடுவது?" நம்மில் பலருக்கு உடனே நினைவுக்கு வருவது பாகல், புடல், வெண்டை, முருங்கை. அந்த ஆசையைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள் என்பேன்.

முதல் வருடத்துக்கு உருளைக்கிழங்குதான் சரி. அதிலும் முந்தி விளையும் ரகம். காரணம் எளிது. இந்த நாட்டில் உருளைக்கிழங்குக்கு இரண்டு பெரிய எதிரிகள். வசந்த காலத்தில் உறைபனி, கோடை பாதி தாண்டியதும் கருகல் நோய். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் மூன்று மூன்றரை மாதத்துக்குள் நட்டு, வளர்த்து, தோண்டி எடுத்துவிட்டால் மருந்தும் வேண்டாம், பெரிய அனுபவமும் வேண்டாம். கீழே சொல்லும் எல்லாமே இந்த இடைவெளியைப் பிடிப்பது பற்றித்தான்.

இடம் வாங்குவது

முழுத் துண்டு என்பது பழைய கணக்கில் 10 ராட், அதாவது சுமார் 250 சதுர மீட்டர். ஒரு டென்னிஸ் ஆடுகளம் அளவு. வேலைக்கும் போய், பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறு மட்டும் வரப்போகிறவருக்கு இது மிக அதிகம். பாதித் துண்டு கேளுங்கள். பல இடங்களில் இப்போது அவர்களே பாதியாகத்தான் பிரித்துக் கொடுக்கிறார்கள்.

விண்ணப்பம் கவுன்சில் இணையதளத்தில் இருக்கும். ஊரைப் பொறுத்துச் சில மாதமும் ஆகலாம், பல வருடமும் ஆகலாம். அதனால் பக்கத்துப் பாரிஷ் கவுன்சில், சர்ச் நிலம், தனியார் நடத்தும் தோட்டங்கள் என்று எத்தனை பட்டியல் இருக்கிறதோ அத்தனையிலும் பெயர் போட்டு வைப்பது நல்லது. 1908-ம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தேவை இருந்தால் அலாட்மென்ட் ஏற்படுத்தித் தருவது உள்ளூர் கவுன்சிலின் கடமை. அந்த ஊரில் வசிக்கும் வாக்காளர்கள் 6 பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் அதை அவர்கள் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். லண்டனின் உள்வட்டக் கவுன்சில்களுக்கு மட்டும் இந்தக் கட்டாயம் இல்லை.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். விளைவது உங்கள் குடும்பம் சாப்பிட. கடைக்கு விற்கக் கூடாது. மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் கொடுத்துக்கொள்ளலாம். குப்பை எரிப்பது, ஹோஸ் பைப் பயன்படுத்துவது, கொட்டகை போடுவது, மரம் வைப்பது எல்லாவற்றுக்கும் இடத்துக்கு இடம் விதி உண்டு. பழைய கார்பெட்டைத் தரையில் விரித்துக் களையை மூடுவது ஒரு காலத்து வழக்கம். இன்று பல தோட்டங்களில் அதற்குத் தடை. நிலத்தைச் சும்மா போட்டு வைத்தால் முதலில் கடிதம் வரும், அடுத்து நோட்டீஸ் வரும். பயப்பட வேண்டாம். உங்கள் நடைபாதை ஓரத்துப் புல்லை வெட்டி, இரண்டு பாத்தியாவது போட்டு வைத்திருந்தால் பொதுவாக யாரும் கேட்க மாட்டார்கள்.

புதரோடு ஆரம்பம்

புதிதாக வருபவருக்குக் கிடைக்கும் துண்டு பெரும்பாலும் முந்தையவர் கைவிட்டுப் போனதாக இருக்கும். இடுப்பளவு புல், முள்செடி, அடியில் உடைந்த கண்ணாடி. தடித்த கையுறை போடாமல் கை வைக்காதீர்கள்.

முதலில் புல்லையும் முள்ளையும் தரையோடு வெட்டுங்கள். பிறகு நிலத்தை மனதுக்குள் நாலாகப் பிரித்து, ஒரு பங்கை மட்டும் இந்த வருடம் தோண்டுங்கள். மிச்சம் மூன்று பங்கையும் வெளிச்சம் புகாத கறுப்புத் தார்ப்பாய் போட்டோ, அட்டைப் பெட்டிகளை விரித்து மேலே மக்கு உரம் கொட்டியோ மூடி வையுங்கள். அடுத்த பங்குக்கு வரும்போது வேலை பாதியாகக் குறைந்திருக்கும். முதல் மாதத்திலேயே முழு நிலத்தையும் கொத்திப் போட்டு, முதுகு பிடித்து, மே மாதத்தில் களை திரும்பி வந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுப்பவர்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் பார்க்கலாம்.

வேர் பார்த்துக் களை எடுக்கப் பழகுங்கள். நம் அருகம்புல்லின் ஒன்றுவிட்ட தம்பி போல ஒன்று உண்டு, கவுச் கிராஸ் என்பார்கள். வெள்ளையாக, கூர்முனையோடு மண்ணுக்கடியில் ஓடும். இன்னொன்று பைண்ட்வீட், வெள்ளைக் குழல்பூ பூக்கும் கொடி, வேர் தடித்த வெள்ளைக் கயிறாக ஒடிந்து ஒடிந்து வரும். இரண்டிலுமே விரல் நுனி அளவு துண்டு விட்டுப்போனாலும் அது புதுச் செடியாகும். அதனால் இப்படிப்பட்ட நிலத்தில் வாடகைக்கு மெஷின் எடுத்து உழவே உழாதீர்கள். ஒரு வேரை நூறு துண்டாக்கி நீங்களே நட்ட மாதிரி ஆகிவிடும். தோட்டத்து ஃபோர்க்கால் கிளறி, மண்ணை உதறி, வேரைக் கையால் இழுத்து எடுப்பதுதான் வழி.

"உருளைக்கிழங்கு போட்டால் நிலம் சுத்தமாகும்" என்று தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். கிழங்கு எதையும் சுத்தம் செய்வதில்லை. நடும்போது ஒருமுறை, மண் அணைக்கும்போது இரண்டு மூன்று முறை, தோண்டும்போது ஒருமுறை என்று நீங்கள் மண்ணைப் புரட்டுகிறீர்கள். போதாததற்கு அதன் இலை அடர்ந்து நிழல் கட்டிக் களையை அமுக்குகிறது. பலன் என்னவோ உண்மைதான். புது நிலத்துக்கு இந்தப் பயிரைச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

தொழு உரம் பற்றி ஒரு எச்சரிக்கை. குதிரை லாயங்களில் சாணம் இலவசமாகக் கிடைக்கும். இலையுதிர் காலத்திலேயே போட்டு வைத்தால் உருளைக்கிழங்குக்கு அதைவிட நல்ல உரம் கிடையாது. ஆனால் புல்வெளியில் களைக்கு அடிக்கும் அமினோபைரலிட் என்ற மருந்து, குதிரை தின்ற வைக்கோல் வழியாகச் சாணத்துக்கும் வந்து, மக்கிய பிறகும் வேலை செய்யும். அப்படிப்பட்ட எருவைப் போட்டால் உருளை, தக்காளி, அவரை இலைகள் பெரணி இலை போலச் சுருண்டுவிடும். சோதிப்பது சுலபம். அந்த எருவைக் கொஞ்சம் தொட்டி மண்ணோடு கலந்து அவரை விதை போடுங்கள், பக்கத்தில் எரு கலக்காத தொட்டி ஒன்றும் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் இரண்டு செடியும் ஒரே மாதிரி இருந்தால் எருவை நம்பலாம்.

சுண்ணாம்பு மட்டும் போடாதீர்கள். முட்டைக்கோஸ் குடும்பத்துக்கு அது நல்லது. உருளைக்கிழங்குத் தோலில் சொறி வர அதுவே வழி செய்யும்.

எந்த ரகம்

கடையில் விதைக்கிழங்குப் பைகளில் மூன்று வகை எழுதியிருப்பார்கள். ஃபர்ஸ்ட் எர்லி என்பது நட்டு 10 முதல் 12 வாரத்தில் எடுக்கலாம். செகண்ட் எர்லி அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் கூடுதல். மெயின்கிராப் 15 முதல் 20 வாரம் வரை போகும். விளைச்சலும் அதிகம், குளிர்காலம் முழுக்க வைத்துச் சாப்பிடவும் முடியும். ஆனால் அது நிலத்தில் இருக்கும் ஆகஸ்ட் மாதம்தான் கருகல் நோயின் மாதம்.

முதல் வருடத்துக்கு என் தேர்வு: ஃபர்ஸ்ட் எர்லியில் ராக்கெட், ஸ்விஃப்ட் அல்லது பழைய ஆரன் பைலட்டில் ஒன்று, செகண்ட் எர்லியில் ஷார்லட். ஷார்லட் மெழுகுத்தன்மை உள்ளது. வேகவைத்தாலும் உடையாது, கடுகு தாளித்துப் பிரட்டினால் துண்டு துண்டாக அப்படியே நிற்கும். தோசைக்குள் வைக்கும் மசாலாவுக்கு மாவாக மசிய வேண்டும் என்றால் கிங் எட்வர்ட், மாரிஸ் பைப்பர் போன்ற மெயின்கிராப் ரகங்கள்தான் வேண்டும். அப்படி ஒன்று போட்டே தீர வேண்டும் என்றால் கருகலை நன்றாகத் தாங்கும் சார்போ மீரா போடுங்கள். ருசியில் அது முதல் வரிசை இல்லை. ஆனால் பக்கத்துத் துண்டெல்லாம் கறுத்துக் கிடக்கும்போது இது மட்டும் பச்சையாக நிற்கும்.

மாரிஸ் பைப்பரைப் பற்றிச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. 1966-ல் வெளிவந்த இந்த ரகம், உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் தங்கநிற முட்டைக்கூடு நூற்புழுவை எதிர்க்கும் குணத்தோடு உருவாக்கப்பட்டது. ஊட்டியில் 1961-ல் கண்டுபிடிக்கப்பட்டு நீலகிரி விவசாயிகளை இன்றுவரை பாடாய்ப்படுத்தும் அதே புழுதான் அது. பல வருடமாக ஒரே இடத்தில் கிழங்கு போட்ட பழைய அலாட்மென்ட் மண்ணில் இருக்க வாய்ப்புண்டு. செடி காரணமில்லாமல் குள்ளமாக, மஞ்சளாக நின்றால் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய உருண்டைகள் ஒட்டியிருக்கும். இந்தப் புழுவுக்குப் பயந்துதான் உருளையை வருடா வருடம் இடம் மாற்றச் சொல்கிறார்கள்.

சூப்பர் மார்க்கெட் கிழங்கையே நடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். முளைக்கும்தான். ஆனால் அதில் வைரஸ் இருக்கலாம், முளை வராமலிருக்க மருந்தும் அடித்திருக்கலாம். சான்றிதழ் உள்ள விதைக்கிழங்கு பெரும்பாலும் ஸ்காட்லாந்தில் விளைந்தது. அங்குள்ள குளிரிலும் காற்றிலும் வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சி குறைவு. விலையும் பெரிய விலை இல்லை. ஜனவரி, பிப்ரவரியில் பல ஊர்களில் 'பொட்டேட்டோ டே' என்று ஒரு சந்தை நடக்கும். அங்கே ஒவ்வொரு கிழங்காக எண்ணி வாங்கலாம். இரண்டு கிலோ பையாக ஒரே ரகத்தை வாங்கி விழிப்பதைவிட, நாலு ரகத்தில் ஐந்தைந்து வாங்கிப் பார்ப்பது நல்லது. உங்கள் தோட்டத்திலேயே சிறு கடை இருந்தால் அங்கேயும் மலிவாகக் கிடைக்கும்.

முளைக்க வைப்பது

ஜனவரிக் கடைசி அல்லது பிப்ரவரியில் கிழங்குகளை முட்டை அட்டையில் நிற்க வையுங்கள். ஒரு முனையில் கண்கள் கூட்டமாக இருக்கும். அந்த முனை மேலே. வெளிச்சம் வேண்டும், ஆனால் நேர் வெயிலும் ஹீட்டர் சூடும் வேண்டாம். 10 டிகிரி வாக்கில் இருக்கும் ஜன்னல் ஓரம், சூடுபடுத்தாத அறை, பனி உள்ளே வராத கொட்டகை எல்லாம் சரி.

நாலிலிருந்து ஆறு வாரத்தில் முளை வரும். நல்ல முளை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்: குட்டையாக, தடிப்பாக, ரகத்தைப் பொறுத்துக் கரும்பச்சையோ ஊதாவோ, அடியில் சிறு சிறு வேர்ப் புள்ளிகளோடு, 2 செ.மீ. நீளத்தில். வெள்ளையாக நீண்டு வளைந்திருந்தால் வெளிச்சம் போதவில்லை. பெரிய கிழங்கு வேண்டுமானால் வலுவான முளை மூன்று நான்கை விட்டுவிட்டு மற்றதைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். மெயின்கிராப் ரகங்களுக்கு முளைக்க வைப்பது அவ்வளவு அவசியமில்லை. முந்தி விளையும் ரகத்துக்குத்தான் இந்தச் சில வாரம் கணக்கில் வரும்.

நடும் நாள்

இங்கிலாந்தில் பெரிய வெள்ளியன்று உருளை நடுவது மரபு. பெரிய வெள்ளியோ நிலாவைப் பார்த்து மார்ச் 20-லிருந்து ஏப்ரல் 23 வரை எங்கு வேண்டுமானாலும் வரும். ஆகவே விடுமுறை கிடைத்த நாள் என்பதைத் தவிர அதில் வேறு கணக்கு இல்லை. தெற்கே லண்டன் பக்கம் ஃபர்ஸ்ட் எர்லியை மார்ச் கடைசி வாரத்தில் போடலாம். செகண்ட் எர்லி ஏப்ரல் முதல் பாதி, மெயின்கிராப் ஏப்ரல் பின்பாதி. லீட்ஸ், கிளாஸ்கோ பக்கம் இருப்பவர்கள் இரண்டு வாரம் தள்ளிக்கொள்ளுங்கள். மண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் சேறாக ஒட்டாமல் உதிர வேண்டும். ஈரமும் குளிருமான மண்ணில் அவசரப்பட்டுப் போட்டால் கிழங்கு அழுகும்.

யாழ்ப்பாணத்தில் எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகாய் போட்டுச் செழித்த தோட்டக்காரர் குடும்பங்கள் பல. அந்தத் தலைமுறைப் பெரியவர் ஒருவர் எங்கள் தோட்டத்திலும் இருக்கிறார். மார்ச் முதல் வாரத்து வெயிலைப் பார்த்துவிட்டுக் கிழங்கோடு வந்து நிற்கும் புதியவர்களிடம் அவர் சொல்வது இதுதான்: "தம்பி, இந்த வெயிலை நம்பாதேங்கோ. இன்னும் ரெண்டு கிழமை பொறுங்கோ, மண் சுடட்டும்."

நடும் முறை:

1. வடக்கு தெற்காகக் கயிறு கட்டி, 12 முதல் 15 செ.மீ. ஆழத்தில் சால் (நீளப் பள்ளம்) எடுங்கள். முந்தி ரகத்துக்குச் சாலுக்குச் சால் 60 செ.மீ., மெயின்கிராப்புக்கு 75 செ.மீ.

2. இலையுதிர் காலத்தில் எரு போடவில்லை என்றால் சாலின் அடியில் மக்கிய கம்போஸ்ட்டும் ஒரு கைப்பிடி கோழி எரு உருண்டையும் தூவுங்கள். பச்சை எரு வேண்டாம்.

3. முளை மேலே பார்க்க, 30 செ.மீ.க்கு ஒன்றாக வையுங்கள். மெயின்கிராப் என்றால் 40 செ.மீ. முளை ஒடியாமல் கையால் மண்ணைத் தள்ளி மூடுங்கள்.

4. மேலே மண்ணை லேசாகப் பாராக (நீள மேடாக) கூட்டி, இரண்டு முனையிலும் ரகத்தின் பெயர் எழுதிய குச்சி நடுங்கள்.

30 செ.மீ. சொன்னால் 20 செ.மீ.க்கு வைத்து நாலு செடி அதிகம் போடத் தோன்றும். இலை காய வழியில்லாமல் நெருங்கி நின்றால் கருகல்தான் வேகமாகப் பரவும். இடைவெளியில் கஞ்சம் வேண்டாம்.

மண் அணைப்பது, போர்வை, தண்ணீர்

மூன்று நான்கு வாரத்தில் கரும்பச்சை இலை மண்ணைப் பிளந்து வரும். தளிர் 20 செ.மீ. வந்ததும் இரு பக்கத்திலிருந்தும் களைக்கொத்தால் மண்ணை இழுத்து, நுனி இலை மட்டும் வெளியே தெரியும்படி அணையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இதையே செய்து, கடைசியில் பார் 25 செ.மீ. உயரம் வரும்.

எதற்கு இந்தப் பாடு? கிழங்கு என்பது வேர் இல்லை, மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி வீங்கியது. அணைத்த மண்ணுக்குள்தான் அது நிற்க இடம் கிடைக்கும். அடுத்து, வெளிச்சம் பட்ட கிழங்கு பச்சையாகும். பச்சை ஏறிய இடத்தில் சோலனைன் நஞ்சு இருக்கும், சமைத்தாலும் போகாது. மூன்றாவது, மேலே இலையில் விழும் கருகல் நோயின் வித்துகள் மழையோடு கிழங்குக்கு இறங்குவதையும் அந்த மண் ஓரளவு தடுக்கும்.

ஏப்ரல், மே இரவுகளில் வானிலை அறிக்கையைப் பாருங்கள். "2 டிகிரி, மேகமில்லை" என்றால் தோட்டத்தில் உறைபனி நிச்சயம் என்று வைத்துக்கொள்ளலாம். தளிர் சிறிதாக இருந்தால் மண்ணாலேயே முழுதாக மூடிவிடுங்கள். பெரிதாகிவிட்டால் ஃப்ளீஸ் என்ற மெல்லிய வெள்ளைத் துணியைப் போர்த்தி ஓரத்தில் கல் வையுங்கள். பழைய படுக்கை விரிப்பும் உதவும். பனி அடித்து இலை கறுத்துவிட்டாலும் பிடுங்கிப் போடாதீர்கள். அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும், விளைச்சல்தான் சில வாரம் தள்ளும்.

தண்ணீரைத் தினம் தெளிப்பதில் பலன் இல்லை. மேல்மண் மட்டும் நனைந்து காயும். முந்தி ரகத்துக்கு, மழை இல்லாத நாட்களில் பத்து நாளுக்கு ஒருமுறை சதுர மீட்டருக்கு இரண்டு வாளி, அதாவது 20 லிட்டர், ஆழமாக இறங்கும்படி ஊற்றுங்கள். பூமொட்டு வரும் நேரத்தில் கிழங்கு கோலிக்குண்டு அளவில் இருக்கும். அப்போது மட்டும் காயவே விடாதீர்கள். இலையில் ஊற்றாமல் காலடியில் ஊற்றுங்கள்.

ஓடில்லா நத்தைகள் தளிரையும் தின்னும், மண்ணுக்குள் புகுந்து கிழங்கையும் துளைக்கும். மெட்டால்டிஹைட் கலந்த பழைய நீல உருண்டைகளுக்கு 2022 முதல் இங்கே தடை. கொட்டகையில் முந்தையவர் விட்டுப்போன டப்பா இருந்தாலும் பயன்படுத்தாதீர்கள். இரும்பு பாஸ்பேட் உருண்டைகள் கிடைக்கின்றன. இரவில் டார்ச் எடுத்துப் பொறுக்குவதும் நன்றாகவே வேலை செய்யும்.

பூ உதிர்ந்ததும் சில செடிகளில் பச்சைத் தக்காளி போலக் குட்டிக் காய் தொங்கும். நஞ்சு அது. பிள்ளைகளோடு தோட்டத்துக்குப் போகிறவர்கள் கிள்ளி எறிந்துவிடுங்கள்.

கருகல்

1845-ல் அயர்லாந்தில் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய்தான் இன்றும் ஒவ்வொரு கோடையும் அலாட்மென்ட்டுக்கு வருகிறது. பத்து லட்சம் பேர் அந்தப் பஞ்சத்தில் இறந்தார்கள்.

இங்கே விஞ்ஞானிகள் வைத்திருக்கும் அளவுகோலுக்கு ஹட்டன் விதி என்று பெயர். தொடர்ந்து இரண்டு நாள் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போகாமல், ஒவ்வொரு நாளும் குறைந்தது 6 மணி நேரம் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நோய் வரும் சூழல் கூடிவிட்டது என்று அர்த்தம். உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் இந்த நிலை வரும்போது மின்னஞ்சல் அனுப்பும் சேவைகள் உண்டு. எளிதாகச் சொல்வதானால், ஜூலையில் இரண்டு நாள் புழுக்கமும் தூறலுமாக இருந்தால் மூன்றாம் நாள் போய் இலையைப் பாருங்கள்.

இலை நுனியிலோ ஓரத்திலோ, தண்ணீர் பட்டு ஊறியது போலப் பழுப்புத் திட்டு வரும். திருப்பிப் பார்த்தால் ஈரமான காலையில் திட்டின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை. தண்டில் கறுப்பு. நாலைந்து நாளில் முழுச் சாலும் சாய்ந்துவிடும். வீட்டுத் தோட்டக்காரர் அடிக்க இங்கே இன்று அங்கீகாரம் பெற்ற மருந்து கிடையாது. எனவே செய்ய வேண்டியது ஒன்றே. தயங்காமல் எல்லாத் தண்டையும் தரையோடு வெட்டி எடுத்து அப்புறப்படுத்துங்கள். உங்கள் கம்போஸ்ட் குவியலில் போட வேண்டாம். பிறகு இரண்டு வாரம் மண்ணைத் தொடாதீர்கள். மேல்மண்ணில் கிடக்கும் வித்துகள் செத்து, கிழங்கின் தோலும் தடிக்க அவ்வளவு நாள் ஆகும். அதன் பிறகு தோண்டினால் பெரும்பாலான கிழங்கு தப்பியிருக்கும்.

முந்தி ரகம் போட்டவர்கள் இந்த நேரத்தில் கிழங்கை எடுத்துச் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். பக்கத்தில் தக்காளி வைத்திருந்தால் மட்டும் கவனம். அதுவும் அதே குடும்பம், அதே நோய்.

தோண்டுவது

ஃபர்ஸ்ட் எர்லி ஜூன் பாதியிலிருந்து தயாராகும். பூ விரிந்தது ஒரு அடையாளம். ஆனால் சில ரகம் பூக்கவே பூக்காது. சந்தேகமாக இருந்தால் பாரின் ஓரத்தில் விரலை விட்டு மண்ணைத் தடவிப் பாருங்கள். கோழி முட்டை அளவு கிழங்கு கையில் தட்டுப்பட்டால் சரி, இல்லையென்றால் மண்ணை மூடி ஒரு வாரம் கழித்து வாருங்கள்.

செடிக்கு நேர் மேலே ஃபோர்க்கைக் குத்தாதீர்கள், நல்ல கிழங்குதான் முதலில் குத்துப்படும். பாரின் வெளி ஓரத்தில் இறக்கி, அடியிலிருந்து நெம்பி, தண்டைப் பிடித்துத் தூக்குங்கள். புதுக்கிழங்கின் தோல் கட்டைவிரலால் தேய்த்தாலே உரியும். அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுங்கள். முந்தி ரகம் சேமிப்புக்கு ஆகாது, தோண்டிய அன்றே வேகவைத்து உப்பும் வெண்ணெயும் போட்டுச் சாப்பிட்டால்தான் இத்தனை பாடு எதற்கு என்று புரியும்.

மெயின்கிராப் என்றால் நடைமுறை வேறு. தழை காய்ந்ததும் வெட்டிவிட்டு, இரண்டு வாரம் கழித்து வெயில் நாளாகப் பார்த்து எடுங்கள். இரண்டு மணி நேரம் மண் மேலேயே உலர விட்டு, கழுவாமல், குத்துப்பட்டதையும் அழுகலையும் தனியே பிரித்து, நல்லதை மட்டும் காகிதப் பையிலோ சணல் சாக்கிலோ போட்டு இருட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் கிழங்கு வியர்த்து அழுகும். மாதம் ஒருமுறை சாக்கை முகர்ந்து பாருங்கள். அழுகல் ஒன்று இருந்தாலும் மூக்கு சொல்லிவிடும்.

கூடவே என்ன போடலாம்

உருளை எடுத்த இடம் ஜூலையில் காலியாகும். மண் பொலபொலவென்று இருக்கும். அந்த இடத்தைச் சும்மா விடாதீர்கள். லீக்ஸ் நாற்று நட அதுவே சரியான நேரம். ஜூலை பாதிக்குள் என்றால் குத்து அவரை விதைக்கலாம். நம் சமையலறைக்கு இன்னும் நல்லது கொத்தமல்லியும் வெந்தயக் கீரையும். கொத்தமல்லியை மே மாதம் போட்டால் நாள் நீள நீளப் பூத்துப் போகும். ஆகஸ்டில் போட்டால் அக்டோபர் வரை வெட்டலாம். வெந்தயத்துக்குத் தனியாக விதை வாங்க வேண்டாம், அஞ்சறைப் பெட்டியில் இருப்பதே முளைக்கும்.

மற்றதில் எளியவை: மார்ச் ஏப்ரலில் வெங்காயக் குமிழ், அக்டோபர் நவம்பரில் பூண்டு, மே பாதிக்குப் பிறகு ரன்னர் பீன்ஸ், பீட்ரூட், சார்ட் கீரை. கூர்ஜெட் (சிறு பூசணி வகை) காய்த்துத் தள்ளும், இரண்டு செடிக்கு மேல் வைக்காதீர்கள். ஆகஸ்டில் உங்களைக் கண்டாலே அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்துவார்கள். பூசணிக்கு இடம் நிறைய வேண்டும், எருக்குவியல் ஓரத்தில் விட்டால் அது பாட்டுக்குப் படரும். முட்டைக்கோஸ் வகைக்கு வலை இல்லாமல் இறங்காதீர்கள், வெள்ளைப் பட்டாம்பூச்சியும் புறாவும் பங்கு போட்டுக்கொள்ளும். தண்டுக்கீரை ஜூனில் விதைத்தால் தெற்கே திறந்த வெளியிலேயே வரும்.

மிளகாய், கத்தரி, பாகல் எல்லாம் கண்ணாடி வீடோ பாலிடனலோ (பிளாஸ்டிக் கூடாரம்) வைத்திருப்பவர்களுக்கு. மிளகாயைப் பிப்ரவரியிலேயே வீட்டு ஜன்னலில் விதைத்துவிட வேண்டும். இரண்டாவது வருடம் பார்த்துக்கொள்ளலாம். முருங்கை முதல் பனிக்கே போய்விடும்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் கோலிக்குண்டு அளவில் சில கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். அடுத்த வசந்தத்தில் வெங்காயப் பாத்தி நடுவே தானாக முளைத்து நிற்கும். இனாமாக வந்ததே என்று விட்டு வைக்கத் தோன்றும். வேண்டாம், கருகல் நோய் குளிர்காலத்தைத் தாண்டுவது இந்த மாதிரிக் கிழங்குகளுக்குள் ஒளிந்துதான். ஏப்ரலில் கண்ணில் பட்டதுமே கிழங்கோடு தோண்டி எடுத்துவிடுங்கள். புது விதைக்கிழங்கை வேறு பாத்தியில் போடுங்கள். இந்த இடத்துக்கு உருளை திரும்பி வர மூன்று நான்கு வருடம் போகட்டும்.